பால் கட்டிக்கொண்டால்: சூடா, குளிரா, உருவலாமா?

பென்னாகரம்_செவிலி
எல்லாருக்கும் வணக்கம். தாய்மார் கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை போடணும், தலைப்பு பால் கட்டு. பழைய படப்புத்தகத்தில் இருக்கிறது: சுடுதண்ணி ஒத்தடம் கொடு, கட்டியைக் காம்பை நோக்கி அழுத்தி உருவு, மார்பை முழுசா காலி பண்ணு. புதுப் பயிற்சித் தாளில் எல்லாமே தலைகீழ்: குளிர் ஒத்தடம், அழுத்தாதே, காலி பண்ணப் பார்க்காதே. பாட்டி ஒண்ணு, லேபர் வார்டு ஒண்ணு, நாங்க ஒண்ணு சொன்னா பச்சை உடம்புக்காரி யார் பேச்சைக் கேட்பா? காரணத்தோட சொல்லுங்க. எது, எத்தனை நிமிஷம், எத்தனை தடவை என்கிற அளவும் வேணும்.

ஓசூர்_பால்ஆலோசகர்
சிஸ்டர், முதல்ல "அடைப்பு" என்கிற சொல்லையே கொஞ்சம் ஒதுக்கி வைங்க. குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

சொட்டுநீர்ப் பாசனக் குழாயில உப்பு படிஞ்சு அடைச்சா என்ன பண்ணுவாங்க? கடைசி மூடியைத் திறந்து, அழுத்தமா தண்ணி விட்டு அலசுவாங்க. மார்பையும் நாம அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கோம். உள்ளே கெட்டிப்பால் ஒரு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு, அதை உருவி வெளியே தள்ளினா சரியாயிடும் என்று. பெரும்பாலும் உள்ளே அப்படிக் கல் எதுவும் கிடையாது. பால்குழாய்கள் முடி மாதிரி மெல்லிசு, ஒண்ணோடு ஒண்ணு பின்னிக் கிடக்கும். காம்பில் திறக்கும் வாய்கள் சராசரியா 9. பால் தேங்கினதும் குழாயைச் சுத்தியுள்ள திசு வீங்குது, நீர் கோக்குது, ரத்தநாளம் புடைக்குது. அந்த வீக்கம் வெளியிலிருந்து குழாயை நெரிக்குது. மடை அடைபடல, ரெண்டு கரையும் ஊறி உப்பிப்போய் வாய்க்காலை இறுக்குது என்று வைச்சுக்கங்க.

இப்படிப் பார்த்தா மத்ததெல்லாம் தானா விளங்கும். வீங்கின கணுக்காலை யாராவது கட்டைவிரலால அமுக்கி உருவுவாங்களா? உருவினா நுண்ணிய ரத்தக்குழாய் கிழிஞ்சு வீக்கம் கூடும். மார்பிலும் அதேதான். கெட்டியா உருவி உருவி, கொட்டைப்பாக்கு அளவு கட்டி ரெண்டே நாள்ல உள்ளங்கை அளவு கல்லுப் பலகை மாதிரி ஆகிறது இதனாலதான்.

தாய்ப்பால் மருத்துவர்களின் உலக அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022இல் வெளியிட்ட 36ஆம் நெறிமுறை இதைத்தான் சொல்லுது. உங்க பயிற்சித் தாளும் அதிலிருந்து வந்திருக்கும். பழைய புத்தகத்தைத் தயார் பண்ணினவங்க மேல தப்பில்லை, அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க.

இப்ப நடைமுறை.

பால் கொடுக்கிறதை நிறுத்தக் கூடாது, கூட்டவும் கூடாது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. வழக்கம்போல ரெண்டு பக்கமும், முறை மாத்தி. கட்டி இருக்கிற பக்கத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தாலோ, குழந்தை குடிச்சு முடிச்ச பிறகும் பம்ப் வைச்சு இழுத்தாலோ, "இங்க தேவை அதிகம்" என்று உடம்பு எடுத்துக்கும். அடுத்த வேளைக்கு இன்னும் அதிகமா சுரக்கும், வீக்கமும் கூடும். மார்பு குடம் கிடையாது, காலி ஆகவே ஆகாது. எடுக்க எடுக்க ஊறிக்கிட்டே இருக்கும்.

குளிர் ஒத்தடம் ஒவ்வொரு தடவையும் 10 முதல் 15 நிமிஷம். பால் கொடுத்து முடிச்ச பிறகு வைக்கிறது வசதி. வலி அதிகமா இருந்தா மணிக்கு ஒரு தடவைகூட வைக்கலாம். ஐஸ் நேரா தோலில் படக் கூடாது, பருத்தித் துண்டு ரெண்டு மடிப்பாவது நடுவில் இருக்கணும். காலிப் பால் கவரை நல்லா கழுவி, முக்கால் பாகம் தண்ணி ஊத்திக் கட்டி ஃப்ரீசரில் வைங்க. பாறையா உறையறதுக்கு முன்னாடி, கூழ் பதத்தில் எடுத்தா மார்பின் வளைவுக்குப் பதமா உட்காரும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துண்டு போதும். என்ன, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தி மாத்திப் போடணும்.

அரூர்_லேபர்வார்டு
மேடம் சொல்றது புரியுது. ஆனா வார்டில் சுடுதண்ணித் துண்டு வைச்சதும் பால் சொட்ட ஆரம்பிக்குது, தாய் முகம் தெளியுது. கண்ணால பார்க்கிற பலனை இல்லைன்னு எப்படிச் சொல்றது? பிரசவமாகி 3ஆம் நாள் ரெண்டு மார்பும் கல்லா நிக்கிற தாய்க்கும், 2 மாசம் கழிச்சு ஒரு பக்கம் ஒரு இடத்தில் மட்டும் கட்டுற தாய்க்கும் ஒரே வைத்தியமா?

ஓசூர்_பால்ஆலோசகர்
நல்ல கேள்வி. சூடு பால் இறங்க உதவும், மறுக்கல. இளஞ்சூடு பட்டதும் தாய் உடம்பைத் தளர்த்துறா, பாலை இறக்குற ஆக்சிடோசின் ஹார்மோன் வேலை செய்யுது, பால் சொட்டுது. அதே சூடு ரத்த ஓட்டத்தையும் அந்த இடத்துக்கு இழுத்து வீக்கத்தைக் கூட்டும். அதனால சூடு பிடிக்கிற தாய்க்குப் பால் கொடுக்கப் போகும்போது 2, 3 நிமிஷம் இளஞ்சூட்டுத் துண்டு போட்டுக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கம் வைச்சுப் பார்த்தா சுடக் கூடாது, வெதுவெதுப்பு மட்டும். கொடுத்த பிறகு குளிர்தான். அரை மணி நேரம் ஆவி பறக்க ஒத்தடம், சூடு பண்ணின எண்ணெய், தவிட்டு மூட்டை இதெல்லாம் வேண்டாம். வீங்கின தோலுக்குச் சூடு தெரியறதே தாமதமாத்தான். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

3ஆம் நாள் கல்மார்பு வேற விஷயம். 3 முதல் 5ஆம் நாளுக்குள் பால் இறங்கும்போது ரெண்டு பக்கமும் மொத்தமா விறைக்கும். அதில் பாலைவிடத் திசுநீர் அதிகம். சிசேரியனுக்குக் குளுக்கோஸ் பாட்டில் நிறைய ஏறின தாய்மாருக்கு இது இன்னும் கூடுதலா இருக்கும். அங்க பிரச்சினை காம்பைச் சுத்தியுள்ள கருவட்டம் இறுகி, குழந்தை வாயில் பிடிபடாமல் வழுக்குறது. செய்ய வேண்டியது இது: தாய் மல்லாந்து சாய்ந்து, ரெண்டு கையின் விரல் நுனிகளையும் காம்பின் அடியைச் சுத்திப் பூ மாதிரி வைச்சு, நெஞ்சை நோக்கி உள்பக்கமா நிதானமா அழுத்தி 1 நிமிஷம் அப்படியே பிடிக்கணும். நகம் வெட்டியிருக்கணும். விரல் பதிஞ்ச இடத்தில் குழி தெரியும், நீர் பின்னுக்கு நகர்ந்துட்டது என்று அர்த்தம். இறுகியே இருந்தா விரலை இடம் மாத்தி இன்னொரு நிமிஷம். கருவட்டம் காதுமடல் மாதிரி மெத்துனு ஆனதும் உடனே குழந்தையைப் போடணும். 5 நிமிஷம் விட்டா நீர் திரும்பி வந்துடும்.

அக்குளில் எலுமிச்சை அளவு கட்டி என்று பயந்து வருவாங்க பாருங்க, அதுவும் அதே நாட்களில். அங்கேயும் கொஞ்சம் பால்திசு சிலருக்கு உண்டு. வெளியேற வழியில்லாததால் வீங்கும். குளிர் ஒத்தடம் மட்டும் கொடுங்க, பிசைய வேண்டாம். சுரப்பு நின்னு தானா வத்தும்.

அரூர்_லேபர்வார்டு
குழி விழற அடையாளம் நல்லா இருக்கு. அதைச் சொன்னா தாய்க்கே தெரியும், நாம பக்கத்தில் நிக்க வேண்டாம். அப்ப உருவுறதை முழுசா விட்டுடணுமா? கையே வைக்கக் கூடாதுன்னா பாட்டிமார் ஒத்துக்க மாட்டாங்க.

ஓசூர்_பால்ஆலோசகர்
கை வைக்கலாம். எங்கே, எவ்வளவு அழுத்தம், எந்தத் திசை என்பது மாறணும்.

திசை காம்பை நோக்கி இல்லை, காம்பிலிருந்து விலகி. வடிய வேண்டியது திசுநீர். அது அக்குளிலும், கழுத்துக்குக் கீழே இருக்கிற காறையெலும்புக்கு மேலேயும் உள்ள நிணநீர்க் கணுக்கள் (திசுநீரை வடிகட்டுற சிறு முடிச்சுகள்) வழியாப் போகும். மல்லாந்து படுத்து, காறையெலும்புக்கு மேலே பள்ளத்தில் 10 சிறு வட்டம், அக்குளில் 10 சிறு வட்டம், பிறகு காம்பு ஓரத்திலிருந்து அக்குள் பக்கமும் காறையெலும்பு பக்கமும் உள்ளங்கையால நீவி விடணும். அழுத்தம்: குழந்தை கன்னத்தில் பவுடர் பூசுவோமே, அவ்வளவுதான். தோல் நகர்ந்தா போதும், அடியில் கட்டி தட்டுப்படவே கூடாது. பாட்டி கைக்கு வேலையும் ஆச்சு, மார்புக்குச் சேதமும் இல்லை.

சீப்பு, டம்ளர் விளிம்பு, சப்பாத்திக் கட்டை, அதிரும் பல்துலக்கி எதுவும் கூடாது.

குழந்தைடாக்டர்_தருமபுரி
குழந்தை பக்கத்தையும் பார்த்துவிடலாம். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கட்டுகிறது என்றால் பாதிக் காரணம் அங்கே இருக்கும்.

குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வடியாது. பார்க்க வேண்டியவை நான்கு: வாய் கொட்டாவி அளவுக்குத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் பதிந்திருக்கிறதா, கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிகிறதா. குடித்து விட்டதும் காம்பு உதட்டுச் சாயக் குச்சியின் முனை போலச் சப்பையாகச் சரிந்திருந்தால் பிடிப்பு சரியில்லை. கன்னம் குழிந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தாலும் அப்படியே.

"தாடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நன்றாக வடியும், அதனால் கட்டி இருக்கும் பக்கம் தாடை வரும்படி படுக்க வை" என்று சொல்வது வழக்கம். தாய்க்கு வசதியாக இருந்தால் செய்யட்டும். அதற்காகத் தையல் போட்ட வயிற்றோடு குனிந்து தொங்கிக்கொண்டு கொடுக்க வைக்க வேண்டாம்.

வீங்கிய மார்பின் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. சோடியம் ஏறுவதால் கொஞ்சம் உப்புக்கரிக்கும், சில குழந்தைகள் முகத்தைத் திருப்பும். அப்போது மறுபக்கம் தொடங்கி, பால் இறங்கியதும் இந்தப் பக்கம் மாற்றலாம். அதையும் மறுத்தால் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். நூல் போலக் கெட்டியாகவோ குருணை போலவோ சிறிது வரலாம், விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

குழந்தைக்குப் போதுமான பால் போகிறதா என்பதை மார்பைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 தடவை சிறுநீர், ஏறும் எடை, இவை இரண்டும்தான் கணக்கு. கட்டு குறைந்த பிறகு அந்தப் பக்கம் சில நாள் சுரப்பு குறைவாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து புட்டிப்பால் தொடங்குவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

மருந்துக்கடை_காவேரிப்பட்டினம்
மாத்திரை விவரம் நான் சொல்றேன். கடைக்கு வந்து "பால் கட்டு மாத்திரை" என்று கேட்கிறவங்க அதிகம், அப்படி ஒரு மாத்திரை கிடையாது.

வீக்கத்துக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒண்ணு, ரெண்டு மூணு நாள். வயித்துப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமா இருந்தவங்க, பிரஷர் இருந்தவங்க டாக்டரைக் கேட்காம எடுக்கக் கூடாது. அவங்களுக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650, 6 மணி நேரத்துக்கு ஒண்ணு. ரெண்டுமே பால் கொடுக்கும்போது எடுக்கலாம், பாலில் போறது மிகச் சொற்பம். ஆஸ்பிரின் வேண்டாம். ஒரு முக்கியமான விஷயம்: காய்ச்சலும் இருந்து, ஊரில் டெங்கு ஓடிக்கிட்டிருந்தா, ரத்தப் பரிசோதனை பார்க்கிற வரைக்கும் ஐபுபுரூஃபனைத் தொடாதீங்க. பாராசிட்டமால் மட்டும்.

அடிக்கடி கட்டுறவங்களுக்கு லெசித்தின் என்கிற கொழுப்புச்சத்து, சோயாவிலோ சூரியகாந்தியிலோ எடுத்தது. ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிராம் என்பது நெறிமுறையில் உள்ள அளவு. 1200 மில்லிகிராம் குளிகை என்றால் நாளைக்கு 4 போட்டா ஏறக்குறைய 5 கிராம் வரும். எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வைக்கணும். விலையும் கம்மி இல்லை. முதல் தடவை கட்டுறவங்களுக்கு இதுக்குச் செலவு பண்ண வேண்டியதில்லை.

கட்டி இருக்கும்போது சதாவரித் துகள், வெந்தய லேகியம் என்று சுரப்பைக் கூட்டுறதை நிறுத்தி வைங்க. "பால் நல்லா இறங்கினா கட்டி கரைஞ்சிடும்" என்று சொல்லித்தான் வாங்கிட்டுப் போறாங்க. வெள்ளம் வரும்போது ஏரிக்கு இன்னொரு மதகைத் திறந்து தண்ணி விடற கதை அது. அதே மாதிரி பால் வத்த வைக்கிற காபர்கோலின் மாத்திரையைக் கட்டுக்காக வாங்காதீங்க. அது வேற தேவைக்கு, டாக்டர் சீட்டோட.

பென்னாகரம்_செவிலி
பத்தியத்தையும் சேர்க்கணும். "தண்ணி குடிச்சா குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்று தாய்க்குச் சொம்பு அளந்து தண்ணி கொடுக்கிற வீடு இன்னும் இருக்கு. தண்ணி குறைஞ்சா பால் கட்டும் என்று சொல்லலாமா?

குழந்தைடாக்டர்_தருமபுரி
அப்படி எழுத வேண்டாம். தண்ணீர் குறைவதற்கும் பால் கட்டுவதற்கும் நேரடித் தொடர்பு சொல்ல முடியாது. தாகத்துக்குக் குடிக்க வேண்டும், ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும். அது மலச்சிக்கலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தாய்க்கு நல்லது. களியும் கீரையும் தாராளமாகச் சாப்பிடட்டும். அந்த ஆலோசனையைக் கட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டால், பிறகு கட்டும்போது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

போச்சம்பள்ளி_சுயஉதவிக்குழு
எங்க குழுப் பெண்களில் பலர் ஓசூர் கம்பெனிகளுக்கு வேன்ல போறவங்க. ஷிப்ட் 8 மணி நேரம், போக வர இன்னும் நேரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மார்பு கல்லாயிடுது. பம்ப் எது வாங்கணும், எத்தனை தடவை எடுக்கணும்?

ஓசூர்_பால்ஆலோசகர்
10, 11 மணி நேரம் குழந்தையைப் பிரிஞ்சிருக்கிற தாய் அந்த நேரத்தில் குழந்தை எத்தனை தடவை குடிக்குமோ அத்தனை தடவை எடுக்கணும். ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 10 முதல் 15 நிமிஷம். "கடைசிச் சொட்டு வரை" என்று உட்காரக் கூடாது. வேலைக்குப் போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே விடிய விடியப் பம்ப் பண்ணி ஃப்ரீசரை நிரப்புறதுதான் முதல் வாரக் கட்டுக்குப் பெரிய காரணம். குழந்தைக்குத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்கு சுரக்கப் பழக்கிட்டு, திடீர்னு 10 மணி நேரம் விட்டா என்ன ஆகும்? சேருவதற்கு 10, 15 நாள் முன்னாடி ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுத்துப் பழகினா போதும்.

பம்பில் மார்பு மேல வைக்கிற புனலோட அளவுதான் முக்கியம். காம்பு குழலுக்குள் சுவரில் உரசாம முன்னும் பின்னும் போகணும். கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டா புனல் பெரிசு. அது தினமும் காம்படியை வீங்க வைக்கும். காம்பு வெளுத்து நெரிபட்டா சிறிசு. இழுப்பு வலிக்காத அளவில் உச்சம், அதுக்கு மேல கூட்டினா பால் அதிகம் வராது, புண்தான் வரும். ஹாரன் மாதிரி ரப்பர் பல்பு வைச்ச பம்ப் வாங்கவே வேண்டாம். அழுத்தம் கட்டுப்படாது, பல்புக்குள் பால் போனா கழுவவும் முடியாது.

காசு செலவில்லாம கையே போதும். கையை சோப்பு போட்டுக் கழுவி, கட்டைவிரல் கருவட்டத்துக்கு மேலே, ஆட்காட்டி விரல் கீழே. முதல்ல நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தணும், அப்புறம் ரெண்டு விரலையும் சேர்த்து அமுக்கணும், விடணும். அழுத்து, அமுக்கு, விடு. விரல் தோல் மேல சறுக்கக் கூடாது, காம்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஒண்ணும் வராது, விட்டுடாதீங்க. ஓட்டம் குறைஞ்சதும் விரலை இடம் மாத்தணும்.

எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கிற அறையில் 4 மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் வேனுக்குள் அதை நம்பாதீங்க, ஐஸ் பை வைச்ச டப்பா வேணும். ஃப்ரிட்ஜில் 4 நாள்.

குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் நாளைக்கு 2 பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த உரிமை, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கு. 50 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யற இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்கணும். கேட்காம யாரும் தர மாட்டாங்க. பேருந்து நிலையப் பாலூட்டும் அறைகள் 2015இல் வந்தது. பால் எடுக்கவும் அங்கே போகலாம்.

இன்னொண்ணு, துணி. முன்பக்கக் கொக்கி வைச்ச இறுக்கமான ரவிக்கை, கம்பி வைச்ச பிரா, கைப்பையின் வார் மார்புக்குக் குறுக்கே, ஒரே பக்கமா அமுங்கிப் படுக்கிறது, இதெல்லாம் வேண்டாம். கட்டி எப்பவும் ஒரே இடத்தில்தான் வருது என்றால் அந்த இடத்தில் எந்தத் தையல் உட்காருது என்று பாருங்க. அதுக்காகத் தொங்க விடவும் வேண்டாம், தாங்கிப் பிடிக்கிற தளர்வான துணி போதும்.

பென்னாகரம்_செவிலி
வீட்டு வைத்தியத்தில் எதை விடலாம், எதைத் தடுக்கணும்? முட்டைக்கோஸ் இலை, மல்லிகைப்பூ, விளக்கெண்ணெய், ஊசியால குத்துறது. இந்த நாலும்தான் அதிகம் வருது.

அரூர்_லேபர்வார்டு
கோஸ் இலைக்கு நாங்க தடை சொல்றதில்லை. குளிர்ச்சிதான் அதில் வேலை செய்யுது. ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கோஸ் மலிவு. ஆனா மேல் இலை முழுக்க மருந்தடிச்சது. வெளி ரெண்டு இலையைத் தள்ளிட்டு உள் இலையை நல்லா கழுவி, நடு நரம்பைத் தட்டி, காம்பு மூடாம வைச்சு 20 நிமிஷத்தில் எடுத்துடணும். புண் இருந்தா வேண்டாம்.

மல்லிகை வேற. அது பால் வத்த வைக்கக் கட்டுறது. 1988இல் வந்த ஓர் ஆய்வில் மல்லிகைப்பூவை மார்பில் வைச்சவங்களையும் பால் வத்த வைக்கிற புரோமோகிரிப்டின் மாத்திரை எடுத்தவங்களையும் ஒப்பிட்டாங்க, ரெண்டிலும் பால் குறைஞ்சது. குழந்தை தவறின தாய்க்கு அது ஆறுதல். பால் கொடுக்கிற தாய்க்குக் கட்டு என்று சொல்லி ரெண்டு நாள் முழம் முழமா வைச்சுக் கட்டினா, அப்புறம் "பால் இல்லை" என்று வந்து நிப்பாங்க.

ஓசூர்_பால்ஆலோசகர்
விளக்கெண்ணெய் பூச வேண்டாம், குழந்தை வாயில் போகும். ஊசி விஷயம் தெளிவா எழுதுங்க: காம்பு நுனியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி தெரியும். அது மேலே மூடின தோல் கிடையாது, உள்ளே இருக்கிற அழற்சியின் முனை. ஊசியாலோ நகத்தாலோ கிள்ளினா அன்னைக்கு வலி குறையும், அப்புறம் தழும்பாகி அந்த வாய் நிஜமாவே அடைஞ்சிடும். டாக்டர் எழுதிக் கொடுக்கிற லேசான ஸ்டீராய்டு களிம்பை மெல்லிசா தடவி, பால் கொடுக்கும் முன் துடைக்கணும். உப்புத்தண்ணியில் ஊற வைக்கிறதும் வேண்டாம், தோல் ஊறி வெடிக்கும்.

பிசியோ_ராயக்கோட்டை
அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் உண்டு, படம் எடுக்கும் ஸ்கேன் அல்ல. சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட், 5 நிமிடம், நாளுக்கு ஒரு தடவை. இரண்டு நாளில் குறையாத கட்டிக்குக் கேட்டுப் பார்க்கலாம். கருவியின் தலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுடும். மார்புக்குச் செய்து பழகியவர்களிடம் மட்டும்.

சர்ஜன்_கிருஷ்ணகிரி
இதுவரை வந்தவை வீட்டில் செய்யக்கூடியவை. வீட்டில் வைத்திருக்கக் கூடாதவற்றை நான் சொல்கிறேன். துண்டறிக்கையில் இது மேலே வரட்டும், கடைசியில் போட்டால் யாரும் படிப்பதில்லை.

சாதாரணக் கட்டு என்றால் ஓர் இடத்தில் கட்டி, வலி, லேசான சிவப்பு. காய்ச்சல் இல்லை, தாய் நடமாடுகிறாள். மேலே சொன்னபடி செய்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் இளகும். தொட்டால் வலி மட்டும் இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும், அதற்காக மறுபடி நோண்ட வேண்டாம்.

காய்ச்சல் 38.5 டிகிரி, அதாவது 101 பாரன்ஹீட்டைத் தாண்டி, குளிர் நடுக்கம், உடம்பு அடித்துப் போட்டது போல வலி, சிவப்பு ஆப்புப் போல விரிவது: இது மார்பு அழற்சி. அழற்சி எல்லாமே கிருமித் தொற்று இல்லை. தாய் ஓரளவு நன்றாக இருந்தால் 24 மணி நேரம் குளிர், ஓய்வு, வலி மாத்திரையோடு பார்க்கலாம். குறையவில்லை, கூடுகிறது, அல்லது தொடக்கத்திலேயே தாய் சோர்ந்து கிடக்கிறாள் என்றால் ஆன்டிபயாடிக் வேண்டும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி. குளோக்சசிலின் வகை அல்லது செபலெக்சின், 500 மில்லிகிராம் நாளுக்கு 4 தடவை, 10 முதல் 14 நாள். மருந்துக்கடையில் 3 நாள் மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்துவதுதான் சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடுகிறது. மாத்திரை எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம்.

கட்டி நடுவில் மெத்தென்று அமுங்கினால், தோல் பளபளத்து நீலம் பாய்ந்தால் சீழ். அங்கே ஒத்தடம் பயனில்லை. ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சலாம், சில நாள் இடைவெளியில் மறுபடி தேவைப்படலாம். பெரிதாக இருந்தால் சிறு கீறலில் குழாய் வைப்போம். அப்போதும் பால் நிறுத்த வேண்டியதில்லை, குழந்தையின் வாய் காயத்தில் படாமல் இருந்தால் அதே பக்கமே கொடுக்கலாம். வலியில்லாத, உருண்டையான, நாள்கணக்கில் அப்படியே நிற்கும் கட்டி, பால் தேங்கிய பையான பால்நீர்க்கட்டியாக இருக்கலாம், அதையும் ஸ்கேன் சொல்லும்.

இரண்டு மூன்று வாரம் ஆகியும் கரையாத கட்டி, ஆரஞ்சுத் தோல் போலக் குழி விழுந்த மார்பு, ரத்தம் கலந்த கசிவு: பால் கட்டு என்று முத்திரை குத்தி விட்டுவிடாதீர்கள். பால் கொடுக்கும் காலத்திலும் புற்று வரும். ஸ்கேனோ மேமோகிராமோ பாலைப் பாதிக்காது.

எச்.ஐ.வி தொற்றுள்ள தாய்க்கு அழற்சி வந்தால் அந்தப் பக்கத்துப் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டு, மறுபக்கம் மட்டும் கொடுத்து, அன்றே எச்.ஐ.வி மருந்து தரும் ஏ.ஆர்.டி மையத்தைக் கேட்க வேண்டும்.

பென்னாகரம்_செவிலி
டாக்டர், "பால் காய்ச்சல்" என்று சொல்லி வீட்டிலேயே வைச்சுக்கிறாங்களே, அதுக்கு ஒரு வரி வேணும்.

சர்ஜன்_கிருஷ்ணகிரி
அந்த இரண்டு சொல்தான் ஆபத்து. பிரசவமான 6 வாரத்துக்குள் வரும் காய்ச்சலுக்குப் பால் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டக் கூடாது. அடிவயிறு வலி, நாற்றமடிக்கும் தீட்டு என்றால் கருப்பைத் தொற்று. எரிச்சலோடு சிறுநீர் என்றால் சிறுநீர்த் தொற்று. தையலில் சீழ், கெண்டைக்கால் வீக்கம், டெங்கு, எதுவும் இருக்கலாம். மார்பில் வலியோ சிவப்போ இல்லாமல் காய்ச்சல் மட்டும் என்றால் அது மார்பிலிருந்து வரவில்லை. தாய் மயங்கினாலோ மூச்சு வாங்கினாலோ 108 ஆம்புலன்ஸ். சந்தேகம் கேட்க 104 உதவி எண்.

பென்னாகரம்_செவிலி
நன்றி டாக்டர். முதல் வரைவு இதோ, அடிச்சுத் திருத்துங்க.

"காய்ச்சல், நடுக்கம், பரவும் சிவப்பு இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் வரவும். இல்லையென்றால்: வழக்கம்போல் இரண்டு பக்கமும் பால் கொடுக்கவும். கொடுத்த பின் 10 நிமிடம் குளிர் ஒத்தடம். கட்டியை அழுத்தவோ உருவவோ வேண்டாம். மெதுவாக நீவவும். தளர்வான உடை. 2 நாளில் குறையாவிட்டால் செவிலியரிடம் காட்டவும்."

அரூர்_லேபர்வார்டு
"மெதுவாக" வேண்டாம் சிஸ்டர். உரல் இடிக்கிற கைக்கு எது மெதுவு? மேடம் சொன்ன "குழந்தைக்குப் பவுடர் பூசும் அழுத்தம்" என்றே போடுங்க. "காம்பிலிருந்து அக்குள் பக்கமாக" என்று திசையும் வரணும். திசை இல்லைன்னா பழக்கப்படி காம்புக்குத்தான் உருவுவாங்க.

குழந்தைடாக்டர்_தருமபுரி
"வழக்கம்போல்" என்பதோடு "கட்டி உள்ள பக்கமும்" என்று சேர்க்கவும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுவார்கள்.

ஓசூர்_பால்ஆலோசகர்
தளி, அஞ்செட்டிப் பக்கம் கொடுக்கிறதா இருந்தா படம் போடுங்க. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுறவங்க பலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. ஒரு மார்பு, காம்பிலிருந்து அக்குளுக்குப் போகும் மூணு அம்புக்குறி. பக்கத்தில் காம்பை நோக்கி அம்பு போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு.

பென்னாகரம்_செவிலி
மூணும் சேர்த்தாச்சு. படத்தை அங்கன்வாடி டீச்சர் வரைஞ்சு தர்றாங்க. ஜெராக்ஸ்ல சிவப்பு கறுப்பாத்தான் விழும், அதனால குறுக்குக் கோட்டுக்குப் பதிலா பெரிய பெருக்கல் குறி போடச் சொல்லியிருக்கேன்.